ரெண்டு விசிலுக்கு வர்ற நாய்

நாயைக் கூப்பிட்டா திரும்பி வரணும். போன மாசம் எனக்குக் கொடுத்த வேலை இம்புட்டுத்தான்.

கொடுத்தது எங்க அப்பா. காரணம், பக்கத்து வீட்டு சின்னத்தாயி அத்தை. அத்தைக்குக் காரணம், அவுக வளக்குற சேவல். சேவலுக்குக் காரணம், எங்க நாய் ஜாங்கிரி.

வாலு ரெண்டு சுத்து சுத்தியிருக்கும், நிறமும் அதே நிறம். அதான் ஜாங்கிரி. திராட்சைத் தோட்டத்துல காலி பெட்டிக்குள்ள குட்டியாக் கிடந்ததை நான்தான் எடுத்தாந்தேன். ராத்திரி என் கட்டிலுக்குக் கீழதான் படுக்கும். நான் பேசுனா, "என்ன, கேக்கல, சத்தமாச் சொல்லு"ன்னு இதுவரைக்கும் கேக்காத ஒரே ஜீவன் கூடலூர்ல அதுதான்.

அத்தை ஒரு நாள் காலையில வாசல்ல வந்து நின்னாக.

"ஏண்ணே, உங்க நாய் என் சேவலைக் கூரை மேல ஏத்திவிட்டு மூணு நாளாச்சு. எறங்க மாட்டேங்குது. கூவுறதும் அங்கன இருந்துதான். தெருவே நாலு மணிக்கு எந்திரிக்குது."

அப்பா என்னைப் பாத்தாக. நான் ஜாங்கிரியைப் பாத்தேன். ஜாங்கிரி கூரையைப் பாத்துச்சு.

"இங்க பாரு"ன்னாக அப்பா. "வண்டன்மேட்டுப் பக்கம் நம்ம பழக்கக்காரர் ஒருத்தர் ஏலத்தோட்டக் காவலுக்கு ஒரு நாய் கேட்டுக்கிட்டே இருக்காக. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவுக ஜீப் வருது. அதுக்குள்ள கூப்பிட்டா வர்ற நாயா ஆச்சுன்னா இங்கன இருக்கட்டும். இல்லன்னா கேரளாவுக்குப் போகட்டும்."

ஆறு நாள் இருந்துச்சு.

இதுல ஒரு சிக்கல். கூப்பிடுறதுக்குக் குரல் வேணும். என் குரல் என் சட்டைக் காலரைத் தாண்டாது. டீக்கடையில "சீனி கம்மி"ன்னு சொன்னா மாஸ்டர் குனிஞ்சு என் வாயைப் பாப்பாரு. பாத்துட்டு சீனியைக் கூடப் போட்டுத் தருவாரு.

சரி, வாயில விசில் அடிப்போம்னு உதட்டைக் குவிச்சேன். சூடா இருக்குற டீயை ஊதுற மாதிரி காத்து வந்துச்சு. ஜாங்கிரி பக்கத்துல வந்து உக்காந்து டீயைத் தேடுச்சு.

அன்னைக்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போனேன். கூட என் சேக்காளி ஹக்கீம் வந்தான். ஏலக்கா வியாபாரக் குடும்பம். அவன் பேசுனா பக்கத்து ஊரு கம்பத்துல கேக்கும்.

"அண்ணே, விசில்"னேன்.

கடைக்காரருக்குக் கேக்கல.

"அண்ணே, விசில் கேக்குறான்"னான் ஹக்கீம்.

கடைக்காரர் ரெண்டு எடுத்து வச்சாரு. "இது டிரில் வாத்தியார் ஊதுறது. இது கண்டக்டர் ஊதுறது. எது வேணும்?"

"சத்தம் எதுல கூட?"

"என்ன?"

"சத்தம் எதுல கூடன்னு கேக்குறான்."

"இது என்னப்பா கேள்வி, கண்டக்டர் விசில்தான். அதுக்கு பஸ்ஸே நிக்குது, நாய் நிக்காதா?"

எவ்வளவு நியாயமான பேச்சு. வாங்கிட்டு வந்துட்டேன்.

எங்க தோட்டம் மெயின் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கனதான் பாடம் ஆரம்பம். ஒரு கையில விசில், இன்னொரு கையில டீக்கடைப் பொறை ரொட்டி.

முதல் விசிலை ஊதினேன். ஜாங்கிரி நாலு கால் பாய்ச்சல்ல ஓடுச்சு. என்னைப் பாத்து இல்ல, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பைப் பாத்து. ஒரு மணி நேரம் கழிச்சு வாய்க்கால் பாலத்துக்கு அடியில கண்டுபிடிச்சோம்.

ஹக்கீம் யோசிச்சான். "ஒத்த விசில் சரி வராது மாப்ள. ஒத்த விசிலை யாரு வேணா ஊதுவாக. போலீஸ் ஊதுவாக, வாத்தியார் ஊதுவாக, திருவிழாவுல பிள்ளைக ஊதும். நம்ம விசில் தனியாத் தெரியணும். ரெண்டா குடு. பீ, பீ. வேற எவன் ரெண்டு குடுக்கப் போறான்?"

தினமும் பஸ்ல போய் பஸ்ல வர்ற ரெண்டு பேரு கூடி எடுத்த முடிவு இது. நல்லாக் கவனிச்சுக்கங்க.

ரெண்டு விசில், ஒரு பொறை. ரெண்டு விசில், ஒரு பொறை. செவ்வாய்க்கிழமை பத்தடி தூரத்துல இருந்து வந்துச்சு. புதன்கிழமை திராட்சைப் பந்தலுக்கு அந்தக் கடைசியில இருந்து வந்துச்சு. வியாழக்கிழமை வாய்க்கால்ல விழுந்து நீந்தி வந்துச்சு. வெள்ளிக்கிழமை தூக்கத்துல இருந்து எந்திரிச்சு, கண்ணைத் தொறக்காமலே வந்துச்சு.

சனிக்கிழமை நான் வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் வச்சேன். 'அன்பு இருந்தால் போதும், குரல் எதற்கு' அப்படின்னு. அதை அழிக்கிறதுக்குள்ள நூத்திச் சொச்சம் பேரு பாத்துட்டாக.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பா துண்டை உதறித் தோள்ல போட்டாக. "வா, பாத்துருவோம்."

நான் தோட்டத்துப் பக்கம் நடந்தேன்.

"அங்கன எங்க போற? தோட்டத்துல ஆளு இல்ல, அரவம் இல்ல. அங்க வந்தா என்ன, வராட்டி என்ன? நாலு பேரு நடமாடுற எடத்துல கூப்பிடு. பஸ் ஸ்டாப்புக்கு வா."

அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சுல அப்பா உக்காந்தாக. சின்னத்தாயி அத்தையும் வந்திருந்தாக. கக்கத்துல சேவல். பாதிக்கப்பட்ட தரப்பும் இருக்கணும்ல. டீ குடிக்க வந்தவுக, பேப்பர் பாத்தவுக எல்லாம் பெஞ்சைத் திருப்பிப் போட்டு உக்காந்துட்டாக.

ஹக்கீம் ஜாங்கிரியைக் கூட்டிக்கிட்டுத் தெருமுனை ரேஷன் கடைக்குப் போனான். அங்க கயித்தை அவுத்து தன் இடுப்புல சுத்திக்கிட்டு, கையைத் தூக்கிக் காமிச்சான். நான் டீக்கடை முன்னாடி நின்னு விசிலை வாயில வச்சேன்.

அந்த நேரம் பாத்து மலை மேல குமுளிக்குப் போற பஸ் வந்து டீக்கடையைத் தாண்டி நின்னுச்சு. சரி, போகட்டும், அப்புறம் ஊதுவோம்னு இருந்தேன். ஆளு எறங்குனாக, ஆளு ஏறுனாக. பின்படியில நின்ன கண்டக்டர் விசிலை எடுத்தாரு.

பீ, பீ.

ஜாங்கிரி கெளம்புச்சு பாருங்க. ரேஷன் கடையில இருந்து ஒரே கோடு. என்னைத் தாண்டுச்சு. அத்தை கக்கத்துல இருந்த சேவலைத் தாண்டுச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. நகர்ற பஸ்ஸோட பின்படியில தாவி ஏறி, கண்டக்டர் செருப்பு மேல உக்காந்து, அவர் மொகத்தை அண்ணாந்து பாத்துச்சு. பொறை எங்கங்கிற பார்வை.

"வந்துச்சு"ன்னாக அப்பா. "யாருகிட்ட வந்துச்சு?"

நாயைத் திருப்பிக் கூப்பிடணும். கூப்பிடத் தெரிஞ்சது ஒரே வழிதான். பலங்கொண்ட மட்டும் ஊதினேன்.

பீ, பீ.

டிரைவர் அடுத்த கியரைப் போட்டாரு.

பீ, பீ. பீ, பீ.

இம்புட்டு அவசரமா ஒரு கண்டக்டர் ரைட் கொடுத்து அவர் சர்வீஸ்ல கேட்டிருக்க மாட்டாரு. பஸ் ஊர்க்கடைசி அரசமரத்தைத் தாண்டிப் பறந்துச்சு.

டீக்கடையில ஒரு பெருசு சொன்னாரு: "தம்பி நல்லாத்தான் வழியனுப்புது."

ஹக்கீம் பைக்கை எடுத்தாந்தான். நான் பின்னாடி ஏறுனேன். ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், நடுவுல ரோடு, முன்னால பஸ். பஸ்ஸோட பின் கண்ணாடியில ஜாங்கிரி மூஞ்சி. எங்களைப் பாத்து வாலாட்டுச்சு. அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆகி மறுபடியும் ரெண்டு விசில் கொடுத்துட்டேன். பஸ் இன்னும் வேகமாப் போச்சு.

"எலேய் கூமுட்டை, ஒத்த விசில் குடுறா. ஒத்த விசிலுக்குத்தாண்டா பஸ் நிக்கும்"னு ஹக்கீம் கத்துனான்.

பீ.

நின்னுச்சு. நட்ட நடு ரோட்டுல.

நாங்க போய்ச் சேரும்போது உள்ள ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"இங்கன எதுக்குய்யா நிப்பாட்டச் சொன்ன?"ன்னு டிரைவர்.

"நான் எங்கண்ணே சொன்னேன்?"

"அப்ப என்னைப் பறக்கச் சொன்னது யாரு?"

"அதுவும் நான் இல்லண்ணே. நான் இந்த நாயை எறக்குறதுக்கே நாக்குத் தள்ளிப் போய் நிக்கிறேன்."

நான் பின்படியில ஏறி, "அண்ணே, அது என் நாய்"னேன்.

"என்ன? சத்தமாச் சொல்லு. வாயில என்னப்பா வச்சிருக்க?"

வாயில விசில் இருந்துச்சு. பேசின பேச்சுல அது தானா 'பி, பி'ன்னுச்சு. பஸ் ஒரு குலுக்கு குலுங்கி நகரப் பாத்துச்சு. ஹக்கீம் முன்னாடி ஓடிப்போய் டிரைவர் ஜன்னலைத் தட்டி நிப்பாட்டுனான்.

கண்டக்டர் என் வாயில இருந்த விசிலைப் பாத்தாரு. தன் கையில இருந்த விசிலைப் பாத்தாரு. விசயம் விளங்கிருச்சு. பாவம், நல்ல மனுசன். அடிக்கல.

ஜாங்கிரியைத் தூக்கிரலாம்னு குனிஞ்சேன். அது கடைசி சீட்டுக்கு அடியில நுழைஞ்சுருச்சு. நான் கையை விட்டா முன் சீட்டுக்கு அடியில போச்சு. அங்க விட்டா அதுக்கும் முன்னாடி. ரெண்டு பொம்பளையாளுக காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டாக. குமுளிக்காரம்மா ஒருத்தவுக, "பாவம் அல்லே"ன்னு சொல்லி நேந்திரங்கா சிப்ஸை ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு இருந்தாக. அதாவது, விசிலுக்கு ஓடிப்போய் பஸ்ல ஏறுனா திங்கக் கிடைக்கும்னு பாடம் இங்கனயும் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"ஊதிக் கூப்பிடுப்பா, வந்துரும்ல"ன்னாரு ஒருத்தர்.

அங்கதான் முட்டுச்சு. நாய் எறங்கணும்னா ரெண்டு விசில் கொடுக்கணும். ரெண்டு விசில் கொடுத்தா பஸ் கெளம்பிரும். ஒத்த விசில் கொடுத்தா பஸ் நிக்கும், நாய் அசையாது. நாயும் பஸ்ஸும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருந்துச்சுக.

"விசில் சத்தத்தைக் கண்டுக்காம இருங்கண்ணே"ன்னு கண்டக்டர் டிரைவர்கிட்ட சொன்னாரு.

"இருபத்து மூணு வருச பழக்கம். காதுல விழுந்தா காலு தானா அழுத்துது. நான் என்ன செய்ய?"

"அப்ப இஞ்சினை அமத்துங்க."

டிரைவர் தலையச் சொறிஞ்சாரு. "காலையில இருந்து செல்ஃப் எடுக்கல. அமத்துனா தள்ளித்தான் கெளப்பணும்."

பஸ்ல ஒரு பெருமூச்சு கேட்டுச்சு. மொத்தமா, ஒரே மூச்சா. அப்புறம் ஒருத்தர் சட்டைக் கையை மடிச்சாரு. இன்னொருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. எங்க ஊர்க்காரவுக அப்படித்தான், திட்டிக்கிட்டே எறங்கிருவாக.

இஞ்சின் அமந்துச்சு. நான் ரோட்டுல நின்னு ஊதினேன். பீ, பீ.

ஜாங்கிரி எறங்கி வந்து என் கால் மேல உக்காந்துச்சு.

எல்லாரும் கை தட்டுனாக. என் வாழ்க்கையில எனக்குன்னு கை தட்டுனது அன்னைக்குத்தான். கண்ணு கூட லேசாக் கலங்குச்சு.

"சரி சரி, தள்ளுங்க"ன்னாரு கண்டக்டர்.

என்னாலதான பஸ் நின்னுச்சு, நான் தள்ளாம எப்படி? முதல் ஆளாப் போய்க் கையை வச்சேன். ஹக்கீமும் வச்சான். இருபது பேரு தள்ளுனோம். பத்தடி, இருபதடி, உறுமுச்சு, கரும்புகை விட்டுச்சு, கெளம்பிருச்சு. எல்லாரும் ஓடி ஓடி ஏறுனாக. கடைசி ஆளும் ஏறுனதும் கண்டக்டர் பழக்க தோசத்துல விசிலை எடுத்தாரு.

பீ, பீ.

கயிறு ஹக்கீம் இடுப்புல இருந்துச்சு. ஹக்கீம் கை ரெண்டும் கால் முட்டி மேல இருந்துச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தான். என் கை ரெண்டும் கரியா இருந்துச்சு. ஜாங்கிரி பின்படியில இருந்துச்சு.

"நிப்பாட்டுனா மறுபடி தள்ளணும் தம்பி"ன்னு கண்டக்டர் எட்டிப் பாத்துக் கத்துனாரு. "குமுளி போயிட்டுத் திரும்பையில கொண்டாந்து விடுறேன். நீ தயவுசெஞ்சு ஊதாத."

"பின்னாடியே போயிரலாம்டா"ன்னேன்.

"பெட்ரோல் ரிசர்வுல ஓடுது மாப்ள. இந்த வண்டி மலை ஏறாது"ன்னான் ஹக்கீம்.

திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு வந்தா, டீக்கடை முன்னாடி அந்த ஏலத்தோட்டத்து ஜீப் நிக்குது. டிரைவர் சாக்கும் கயிறுமா எறங்கி, "நாய் எங்கங்க?"ன்னு அப்பாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாரு.

"அது முன்னாடியே கேரளாவுக்குக் கெளம்பிருச்சு"ன்னாக அப்பா. "பஸ்ல."

ரெண்டு மணி நேரம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுல படியில இருந்து விழுந்திருக்குமோ. குமுளியில எறங்கி கூட்டத்துல தொலைஞ்சிருக்குமோ. செக்போஸ்டைத் தாண்டிப் போயிருச்சுன்னா அப்புறம் யாரு கூப்பிட்டாலும் வராது.

ஹக்கீம் தோள்ல கை போட்டான். "அங்கிட்டு ஒரு பயமும் இல்ல மாப்ள. கேரளா பஸ்ல விசில் கெடையாது, கயித்தை இழுத்து மணிதான் அடிப்பாக. அந்த பஸ்ல எல்லாம் ஏறாது."

எனக்கு ஆறுதல் சொல்ல அவனுக்கு வேற எதுவும் கெடைக்கல.

ஆறு மணிக்கு பஸ் திரும்பி வந்துச்சு. டிரைவருக்குப் பக்கத்துல, இஞ்சின் மூடி மேல ஜாங்கிரி. வயிறு உப்பியிருந்துச்சு. மூஞ்சியில ஒரு உத்தியோகஸ்தன் தோரணை.

"அரைப் பொரோட்டா தின்னுச்சு"ன்னாரு கண்டக்டர். "மூணு ஸ்டாப்புல எறக்கிவிட்டேன். ரைட் கொடுத்ததும் மூணு ஸ்டாப்புலயும் ஏறிருச்சு. இஞ்சினை அமத்தவும் முடியாது. வெரசா எறக்குங்கப்பா."

நான் விசிலை எடுத்தேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "வேணாம் தம்பி. உன்னைக் கும்பிடுறேன்." விசிலைப் பிடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டாரு.

ஜீப் டிரைவர் சாக்கை உதறிக்கிட்டு வந்தாரு. "நான் ஏறிப் பிடிச்சுக்கிறேன். நேரா ஜீப்புல ஏத்திருவோம்."

"ஜாங்கிரி"ன்னு கூப்பிட்டேன். எனக்கே கேக்கல.

அப்பத்தான் சின்னத்தாயி அத்தை சேவலை அப்பா மடியில வச்சுட்டு எந்திரிச்சு வந்தாக.

"எலேய் ஜாங்கிரி. எறங்குடா கீழ."

ஜாங்கிரி ஒரே தாவுல எறங்கி, காதை மடக்கி, அத்தை காலடியில படுத்துருச்சு. பஸ் டிரைவர் சீட்டுல இருந்து பாதி எந்திரிச்சுட்டாரு. கம்பத்துக்கு டிக்கெட் எடுத்த ரெண்டு பேரு எறங்கி ரோட்டுல நின்னாக.

யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமே இல்ல. ஒரு வருசமா தினம் பத்து தடவை, கூரை அதிர அதன் பேரைச் சொன்னது அத்தை ஒருத்தவுகதான். ஜாங்கிரிங்கிறது தன் பேருன்னே அதுக்கு அவுக திட்டித்தான் தெரிஞ்சிருக்கு.

ஜீப் டிரைவர் சாக்கை விரிச்சாரு. அத்தை அவரை ஒரு பார்வை பாத்தாக.

"சாக்கைச் சுருட்டுப்பா. இந்த நாய் போயிட்டா நான் யாரை வைய்யிறது? உன்னையா?"

அவர் சுருட்டிட்டாரு.

அப்பா சேவலை மடியில வச்சபடியே தீர்ப்பு சொன்னாக. "கூப்பிட்டா வரணும்னேன். கூப்பிட்டாக, வந்துச்சு. யாரு கூப்பிடணும்னு நான் சொல்லல. இருந்துட்டுப் போகட்டும்."

ஜாங்கிரி இங்கனதான் இருக்கு. தோட்டத்துல கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருச்சுன்னா அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு, கையை உயரத் தூக்கிப் பிடிக்கிறேன். மூணு பந்தல் தாண்டி வந்துருது.

நாய் வளக்குறவுகளுக்கு என் அனுபவத்துல சொல்றேன்: போன்ல எப்பவும் சார்ஜ் இருக்கணும்.